மொரிஷியஸ் 6 நாள் பேக்கேஜ்: ஊருக்கு 5 ஸ்டார், ஏஜென்ட்டுக்கு 2

ஏஜென்ட் வாட்ஸ்அப்ல மூணு தடவை கேட்டுட்டாரு, "சார் நல்லதா ஒரு ரிவ்யூ போட்டு விடுங்க"ன்னு. சரி போடறேன். பேர் போடல, நம்ம ஊர் ஏஜென்ட் ஒருத்தர்னு மட்டும் வச்சுக்கோங்க.

நான், வீட்டுக்காரி, அம்மா, மூணு பேர். ஜூலைல போனோம். பேக்கேஜ்ல கிழக்குக் கரைல பெல் மார் பக்கம் ஒரு ரிசார்ட். போட்டோ பாத்தா கண்ணாடி மாதிரி தண்ணி, வெள்ளை மணல், மயங்கிட்டோம். போய் எறங்கின மொத நாளே பீச்ல துண்டு விரிச்சேன், துண்டு பறந்து பக்கத்துல படுத்திருந்த வெள்ளக்காரர் மூஞ்சில விழுந்துச்சு. விளையாட்டுக்கு சொல்லல, அப்படி ஒரு காத்து. அது ஒரு நாள் கூத்தும் இல்ல. மே மாசத்துலேந்து அக்டோபர் வரைக்கும் அங்க குளிர்காலம், தென்கிழக்குலேந்து காத்து அடிச்சுகிட்டே இருக்கும், அது நேரா வந்து மோதறது கிழக்குக் கரைலதான். மேற்குப் பக்கம் போனா நடுவுல மலை தடுக்குது, கடல் குளம் மாதிரி கெடக்குது. இத ரிசார்ட்ல காபி ஊத்தற பையன் சொல்றான், காசு வாங்கின ஏஜென்ட் சொல்லல.

அதனால மொத விஷயம் இதுதான், புக் பண்றப்ப ஹோட்டல் எத்தன ஸ்டார்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்தக் கரைன்னு கேளுங்க. நம்ம ஊர் கோடை லீவுக்கு, அதாவது மே ஜூன்ல, போறதா இருந்தா மேற்குல ஃபிளிக் ஆன் ஃபிளாக், இல்லன்னா வடக்குல கிராண்ட் பே. நவம்பர் டிசம்பர்னா கிழக்கு நல்லாவே இருக்கும்னு அங்க எல்லாரும் சொன்னாங்க, அந்த வெயிலுக்கு அந்தக் காத்துதான் சுகமாம். ஜனவரிலேந்து மார்ச் வரைக்கும் புயல் அதிகமா வர்ற நேரம், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

ரிசார்ட்ட குறை சொல்ல மனசு வரல. ரூம் சுத்தம், ஆளுங்க தங்கம், சைவம்னு சொன்னதும் அம்மாவுக்குன்னு தனியா பருப்பு செஞ்சு குடுத்தாங்க. 3.5 தரலாம். ஆனா வெளிய ஒரு பெட்டிக்கடைக்கு போகணும்னாலும் டாக்ஸி. டாக்ஸில மீட்டர்னு ஒண்ணு ஓடி நான் பாக்கல, ஏறறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடணும். பஸ் நெறய இருக்கு, மலிவு, ஆனா பொழுது சாஞ்சா காணாமப் போயிடுது. ஜூலைல ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், கடைங்களும் மூடிடுவாங்க. ஊரே எட்டு மணிக்கு தூங்கற மாதிரி இருக்கும், நம்ம ஆளுங்களுக்கு இது செட் ஆகாது.

இப்ப பேக்கேஜ் கதைக்கு வரேன். மூணாவது நாள் பிளான்ல "கடலுக்கடியில் அருவி, படகுல போய் பாக்கறது"ன்னு போட்டிருந்தாங்க. தென்மேற்குல லெ மோர்ன் மலைகிட்ட. படகுல போனோம், நானும் எட்டி எட்டி பாக்கறேன், தண்ணிதான் இருக்கு. படகுக்காரர் சிரிக்கறாரு. அது அருவியே இல்லையாம், அடில மணலும் வண்டலும் ஆழத்த நோக்கி சரியறது மேலேந்து பாத்தா அருவி மாதிரி தெரியுமாம், ஹெலிகாப்டர்ல போனாதான் பாக்க முடியும். ஹெலிகாப்டர் ரேட் கேட்டேன், மலையே போதும்னு மலையப் பாத்துகிட்டு நின்னேன். அந்த மலை உண்மையிலேயே பாக்க வேண்டியதுதான், 556 மீட்டர், கடல்லேந்து செங்குத்தா எழுந்து நிக்குது. தப்பிச்சு ஓடின அடிமைங்க அது மேல ஒளிஞ்சு வாழ்ந்திருக்காங்க, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்திருக்காங்க.

இன்னொரு நாள் கப்பல் பொம்மை செய்யற கடைக்கு கூட்டிட்டு போய் ஒண்ணே கால் மணி நேரம் உக்கார வச்சாங்க, கமிஷன்தான் வேற என்ன. தலைநகர் போர்ட் லூயிஸ்ல இருக்கற ஆப்ரவாசி காட்ங்கற பழைய படித்துறை பிளான் லிஸ்ட்லயே இல்ல. நாங்களா போனோம், டிக்கெட்டும் கேக்கல. 1834லேந்து கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாலேந்து ஒப்பந்தக் கூலியா கொண்டு வந்தவங்க கப்பல்லேந்து எறங்கி ஏறின 16 படி இன்னும் இருக்கு. கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேர். அம்மா அந்தப் படில கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க, நானும் எதுவும் கேக்கல.

நம்ம ஆளுங்க அதுக்கும் முன்னாடியே போயிருக்காங்க, பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே புதுச்சேரி பக்கத்துலேந்து கொத்தனாரும் தச்சரும். இப்ப இருக்கறவங்க வீட்ல பேசறது கிரியோல், அதாவது பிரெஞ்சுலேந்து உருவான அந்த ஊர் பாஷை, தமிழ் பெரும்பாலும் கோயில்லதான். ஆனா தைப்பூசக் காவடிக்கு அரசாங்க லீவு! நோட்டுல தமிழ் இருக்கு, அம்மா "நூறு ரூபாய்"னு எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு என் கைலேந்து நோட்ட பிடுங்கிட்டாங்க, திருப்பித் தரல. அந்த 100 ரூபா நோட்டுல இருக்கற படமே ரங்கநாதன் சீனிவாசன்னு தமிழ் வழி வந்த தலைவரோடது, அங்க சீனீவாசென்னு எழுதுவாங்க. 1998ல புது நோட்டுல தமிழ இந்திக்கு கீழ எறக்கிட்டாங்கன்னு பெரிய எதிர்ப்பு கெளம்பி அந்த நோட்டையே வாபஸ் வாங்கிட்டு 1999ல மறுபடி அடிச்சாங்களாம். எங்க டாக்ஸி டிரைவர் கைல கோயில் கயிறு, தமிழ் ஒரு வரி கூட பேச வரல, பைக்காரன் ஒருத்தன் குறுக்க வந்தப்ப மட்டும் சுத்தமா "அய்யோ"ன்னாரு. கிரியோல்லயும் அது அய்யோதானாம்.

சாப்பாடுக்கு கண்ண மூடிட்டு 5. பேக்கேஜ்ல இருந்த "இந்தியன் டின்னர்" வேஸ்ட், எங்கயும் கெடைக்கற பன்னீர்தான். தெருவுல விக்கற தால் பூரி சாப்பிடுங்க, உள்ள கடலப்பருப்பு வச்ச மெல்லிசு ரொட்டி, ஜோடியாதான் குடுப்பாங்க, பெரிய மொச்சைக் குழம்பும் தக்காளித் தொக்கும் காரச் சட்னியும் தடவி பேப்பர்ல சுருட்டி, நம்ம காசுக்கு ஜோடி நூறுக்குள்ள. காத்தோ பிமான்னு ஒண்ணு விக்கறாங்க, வாய்ல போட்டதும் அம்மா "இது நம்ம பருப்பு வடைடா"ன்னாங்க. ரசத்துக்கு அங்க பேர் ரசோன், முருங்கக்கீரைக்கு மூரூம். அன்னாசிப்பழத்துக்கு புளியும் மெளகாயும் போட்டு பீச்லயே விக்கறாங்க, அத விட்டுடாதீங்க.

அஞ்சாவது நாள் பிளான தூக்கிப் போட்டுட்டு டாக்ஸி பேசி ஃபிளிக் ஆன் ஃபிளாக் போனோம். ஞாயித்துக்கிழம. பீச் நெடுக சவுக்குத் தோப்பு, நெழல்ல குடும்பம் குடும்பமா பெரிய பெரிய பாத்திரத்துல பிரியாணி, பாட்டு, கொழந்தைங்க. காத்தே இல்ல. அம்மா முட்டி அளவு தண்ணில ஒரு மணி நேரம் நின்னாங்க. பீச் எல்லாமே பொதுதான், எந்த ஹோட்டலும் மணல்ல வேலி போட முடியாது, அதனால பீச்ச ஒட்டி ரூம் வேணும்னு காசக் கொட்டாதீங்க.

சில உருப்படியான விஷயம். சுத்திப் பாக்கப் போற நமக்கு முன்னாடியே விசா வாங்க வேண்டாம், ஆனா ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் பேப்பரும் கேட்டாங்க, அந்த நாட்டுக்குள்ள நுழையறதுக்கான ஆன்லைன் ஃபார்ம் முன்னாடியே போட்டுடுங்க. மும்பைலேந்து ஆறு மணி நேரத்துக்கு மேல. அவங்க மணி நம்ம மணிக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அவங்க ஒரு ரூபா கிட்டத்தட்ட நம்ம ரெண்டு ரூபா. பிளக் பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரி மூணு சதுரக் கால், அடாப்டர் எடுத்துக்கோங்க. தண்ணில எறங்க ரப்பர் செருப்பு கண்டிப்பா, பாறைல கடல் முள்ளெலி இருக்கும். நடு மேட்டுல கியூர்பிப், கிராண்ட் பாசின் பக்கம் போனா மழையும் குளிரும், சிவன் சிலை கீழ நின்னு நாங்க நடுங்கினோம், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டியதாப் போச்சு.

ஏஜென்ட் கிட்ட காத்து விஷயத்தக் கேட்டேன். "காத்து அடிச்சா நாங்க என்ன சார் பண்றது"ன்னாரு. அருவிக்கு இன்னும் பதில் வரல.