அளவெட்டியிலிருந்து யாழ் நகருக்கு ஒரு பாடசாலை வான்

அளவெட்டியிலிருந்து நகரப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பாடசாலை பஸ் கடந்த ஆடி மாதத்தோடு நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் என் இரு பிள்ளைகளையும் ஊர்க்காரர் ஒருவரின் வானில் அனுப்பி வருகிறேன். மகன் எட்டாம் தரத்திலும் மகள் நான்காம் தரத்திலும் படிக்கிறார்கள். இதே நிலையில் உள்ள பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் சாதாரண பஸ்ஸையே நம்பினோம். மல்லாகம் சந்திக்கு வரும்போதே அது நிரம்பியிருக்கும். சுன்னாகத்துக்குப் பிறகு மிதிபலகையிலும் இடம் இராது. கையில் இருந்த பருவச்சீட்டோ இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸுக்கு மட்டுமே செல்லும் என்பதால், தனியார் பஸ் முதலில் வந்த நாட்களில் மீண்டும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். அதை மதித்து ஓடுபவரிடம் பேசினால் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, மதிக்காதவரிடம் பிள்ளையைக் கொடுக்க மனம் வரவில்லை.

வான் காலை ஆறு ஐந்துக்கு எங்கள் படலைக்கு வருகிறது. மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்று காங்கேசன்துறை வீதி வழியே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏழு பத்துக்குள் நகரை அடைந்துவிடும். ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்கு மகள் இதுவரை ஒருநாளும் பிந்தவில்லை. சாரதி தாமே இறங்கிக் கதவைத் திறந்து, சிறியவர்களைப் பாடசாலை வாசற்காவலரிடம் கையோடு ஒப்படைத்த பின்னரே வண்டியை எடுக்கிறார். கார்த்திகை மழையில் ஒழுங்கை முழுவதும் வெள்ளம் நின்ற காலையில், வண்டியை வீதியில் நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்து வந்து, "பிள்ளை, கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று அவர் மகளை அழைத்துச் சென்றதை நான் மறக்கமாட்டேன்.

குறை மதியத்தில்தான் இருக்கிறது. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும், உயர் வகுப்பு மாணவரின் மேலதிக வகுப்பு முடியும்வரை வான் காத்து நிற்கிறது. நான்காம் தரப் பிள்ளை இரண்டேகால்வரை கொதிக்கும் வண்டிக்குள் பசியோடு இருக்கிறாள். இதைப் பலமுறை சொல்லியும் மாற்றம் இல்லை. தொடக்கத்தில் இருக்கைகளுக்கு இடையே ஒரு பலகையைப் போட்டு மேலும் நான்கு பிள்ளைகளை ஏற்றினார். நாங்கள் நான்கு பெற்றோர் சேர்ந்து சென்று பேசிய பிறகு தை மாதம் அதை எடுத்துவிட்டார். அதோடு ஒரு பிள்ளைக்கு 7,500 ரூபாவாக இருந்த மாதக் கட்டணம் 8,500 ஆனது. அந்த ஆயிரத்தை நான் மனமுவந்தே கொடுக்கிறேன். விடுமுறை மாதத்துக்கும் முழுக் கட்டணம் கேட்பதுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது வானுக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்ததையும், பாடசாலைகள் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் நடந்ததையும் நினைத்தால், இத்தொழிலில் உள்ளவர்கள் நிலையான வருமானத்தைக் கேட்பதன் காரணம் புரிகிறது.

இரு பிள்ளைகளுக்கு மாதம் 17,000 ரூபா எங்களால் முடிகிறது. வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் அயல்வீட்டுத் தாயால் அது முடியாது. அவருடைய மகன் இருட்டோடு சைக்கிளில் மல்லாகம் சென்று, அதை ஒரு கடையில் விட்டுவிட்டு பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறான். வான் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை பஸ்தான் வேண்டும். அதைத் திரும்ப விடும்படி கேட்கும் கடிதத்தில் வானில் பிள்ளைகளை அனுப்பும் நாங்களும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதும் இருவர் விலகுவதால் அடுத்த தவணையில் இரண்டு இடங்கள் காலியாகும். சேர விரும்புவோர் காலை நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மதியம் எத்தனை மணிக்குப் பிள்ளை வீடு வந்து சேரும் என்பதை மட்டும் முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.