மூடுவதா, வைத்துக்கொள்வதா: சண்டை முற்றிய தொழில்முறைக் குழுவுக்கு இருக்கும் வழிகள்

மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஓர் இணையக் குழுவை ஆறு வருடம் நடத்திய நான்கு அட்மின்களில் நானும் ஒருவன். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு, தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டிருந்தார்: “இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரும் வேலை வந்திருக்கிறது. வழக்கமான கட்டணத்தில் எவ்வளவு பங்கு கேட்பது நியாயம்?” முதல் பதிலே, “உங்களைப் போன்றவர்கள் இதை ஒத்துக்கொள்வதால்தான் எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது” என்று வந்தது. அப்படி எழுதியவர்மேல் ஒருவர் பாய்ந்தார். அந்த ஒருவர்மேல் இன்னொருவர். காலையில் நான் எழுந்து பார்த்தபோது 43 பதில்கள் இருந்தன. ஒன்றில்கூடக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சில்லை. அந்தப் பெண் கேள்வியை அழித்துவிட்டுக் குழுவை விட்டே போயிருந்தார்.

மூடிவிடலாமா என்று நாங்கள் நான்கு பேரும் பேசத் தொடங்கியது அன்றைக்குத்தான். அடுத்த சில மாதங்கள் எல்லா வழிகளையும் எடைபோட்டோம், சிலவற்றைச் செய்தும் பார்த்தோம். இதே நிலையில் இருக்கும் அட்மின்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எந்த வழியாக இருந்தாலும் மூன்று பேரை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேள்வி கேட்கவே பயப்படும் புதியவர். வருடக்கணக்காகப் பொறுமையாகப் பதில் எழுதிவைத்த மூத்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் அட்மின்.

ஒரேயடியாக மூடுவது

இதற்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு: காயப்படுவது அன்றோடு நிற்கும். மூடினால் சண்டைக்காரர்கள் வேறு இடத்துக்குப் போய் அங்கேயும் கெடுப்பார்கள் என்று சொல்வார்கள். ஆனால் ரெடிட் என்ற விவாதத் தளம் 2015இல் வெறுப்புப் பேச்சு மலிந்த சில குழுக்களைத் தடை செய்தது. அவற்றில் இரண்டை ஆராய்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தத் தளத்திலேயே தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தது 80 சதவீதம் இறங்கியது. அவர்கள் போய்ச் சேர்ந்த மற்றக் குழுக்களும் கெடவில்லை. பேசும் இடம் மாறினால் பேச்சும் மாறுகிறது.

ஆனால் அவை வெறுப்புக்காகவே கூடிய குழுக்கள். மூடியதால் யாருக்கும் இழப்பில்லை. தொழில்முறைக் குழு அப்படியில்லை. அங்கே நல்லது பாதி, கெட்டது பாதி. திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி தன் விவாதப் பகுதிகளை மூடப்போவதாக 2017 பிப்ரவரி 3 அன்று அறிவித்து, 20ஆம் தேதி மூடியது. பல வருடத்துப் பேச்சைக் காப்பாற்றிக்கொள்ள உறுப்பினர்களுக்குக் கிடைத்தது இரண்டரை வாரம். எங்கள் குழுவில் சட்ட ஆவணங்களுக்கான சொற்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தன, ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மூன்று அகராதி புரட்டிக் கொடுத்தது. சண்டைக்காரர்களுக்காக அவற்றையும் சேர்த்து அழிப்பது மூத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குப் பட்டது.

விதிமுறையை இறுக்குவது

நான் அதிகம் நம்பியது இதைத்தான். நம்பக் காரணமும் உண்டு. ரெடிட்டின் அறிவியல் குழுவில் 2,190 விவாதங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. விவாதத்தின் மேலேயே விதிமுறையைத் தெரியும்படி வைத்த இடங்களில், புதியவர்கள் விதிப்படி நடப்பது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதைவிட முக்கியம், கலந்துகொண்ட புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி வைத்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய செய்தி.

சரி, புதியவர்கள் கேட்பார்கள். மூத்தவர்கள்? எங்கள் குழுவில் மிக மோசமாகப் பேசிய இருவரும் மிக நன்றாகத் தொழில் தெரிந்தவர்கள். எந்தச் சந்தேகத்துக்கும் அவர்களிடம் பதில் இருக்கும். அதனாலேயே இரண்டு வருடம் அவர்களிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்குபவர்களிடையேயும் திறமை இருந்தால் கடுமையாகப் பேசலாம் என்ற பழக்கம் நெடுநாள் இருந்தது. 2018 செப்டம்பரில் அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். புதிய நடத்தை விதிகளும் அந்த மாதமே வந்தன. மேலே இருப்பவர் தன்னையும் சேர்த்துக்கொண்டால்தான் விதிக்கு மரியாதை. இதன் மறுபக்கத்தை ரஸ்ட் நிரல்மொழிக் குழுவில் பார்க்கலாம். தலைமைக் குழு யாருக்கும் கட்டுப்படாமல் இருக்கிறது என்று சொல்லி, 2021 நவம்பரில் அங்கே நடத்தை விதிகளைப் பார்த்துக்கொண்ட மட்டுறுத்துநர் குழு மொத்தமாகப் பதவி விலகியது.

நாங்கள் செய்த இன்னொரு தவறு, ஒன்று பேசாமல் இருந்தோம், இல்லாவிட்டால் தூக்கி வெளியே போட்டோம். நடுவில் எதுவும் இல்லை. மீன்வளம், பாசன நீர் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிப் பகிர்ந்து காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிற்கும் அமைப்புகளில் படிப்படியான தண்டனை இருப்பதைக் கண்டார். முதல் தவறுக்குச் சின்னக் கண்டிப்பு, திரும்பச் செய்தால் கூடுதல். நாங்களும் அப்படி மாற்றினோம்: முதலில் தனியாக ஒரு செய்தி, அப்புறம் மூன்று நாள் எழுத முடியாதபடி மியூட், அப்புறம் ஒரு மாதம். இருவரில் ஒருவர் உண்மையாகவே மாறினார். மற்றவர் ஒவ்வொரு மியூட்டுக்கும் எங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினார்.

அந்த இரண்டு பக்கத்தை யாராவது படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும். இந்த வழியின் உண்மையான விலை அதுதான். எல்லோரும் பகலில் வேலை செய்து, இரவில் சம்பளமில்லாமல் பஞ்சாயத்து செய்பவர்கள். நான்காவது மாதம் ஒரு அட்மின், குழுவின் அறிவிப்பு ஒலி கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது என்றார்.

சின்னச் சின்ன வழிகள்

வேகத்தைக் குறைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. டெலிகிராம் 2019இல் கொண்டுவந்ததில், ஒருவர் அடுத்த செய்தி போட சில விநாடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வைக்கலாம். இரவு நேரத் தகராறுக்கு இது நல்ல மருந்து. பழைய பகைக்கு உதவாது. பகையை மனதில் வைத்திருப்பவர் ஒரு மணி நேரம் காத்திருந்து, இன்னும் கூர்மையாக எழுதுவார்.

பேச்சைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பது நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஒரு வாரத்துச் சண்டைகளை எடுத்து வரிசையாகப் படித்தபோது ஒன்று தெரிந்தது: சொல்லுக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. எல்லாம் கட்டணம், இயந்திர மொழிபெயர்ப்பு, யார் யாருடைய வேலையைப் பறிக்கிறார்கள் என்பதைச் சுற்றித்தான். வருமானம் குறையும் என்ற பயம் அங்கே கோபமாக வந்துகொண்டிருந்தது. சொல் சந்தேகங்களைத் தனி அறைக்கு மாற்றியதும் அந்த அறை அமைதியாகிவிட்டது. கட்டணப் பேச்சு இருந்த அறையில் வெப்பம் இன்னும் கூடியது, ஏனென்றால் அங்கே ஆற்றுவதற்கு வேறு பேச்சே இல்லை.

குழுவைப் புதிய அட்மின்கள் கையில் ஒப்படைப்பதையும் யோசித்தோம். பைதான் நிரல்மொழியில் ஒரு முன்மொழிவு பற்றிய கசப்பான விவாதத்துக்குப் பிறகு, 2018 ஜூலையில் கீடோ வான் ரோசம் தலைமையிலிருந்து விலகினார். அங்கே இருந்தவர்கள் பல நிர்வாக முறைகளை முன்வைத்து, வாக்கெடுத்து, ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். முறை இருந்ததால் நின்றது. எங்களிடம் பொறுப்பேற்க முன்வந்தவர் ஒரே ஒருவர், அவரும் சண்டையில் ஒரு கட்சி.

மோசமான வழி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: பெயருக்குத் திறந்து வைத்துவிட்டு அட்மின்கள் நழுவிப் போவது. லாம்ப்டாமூ என்ற ஆரம்பகால இணையச் சமூகத்தில் நிர்வாகிகள் இதைவிட யோசித்துத்தான் செய்தார்கள். உறுப்பினர் தகராறுகளில் இனித் தலையிட மாட்டோம் என்று 1992இல் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அது சரிவராமல் 1996இல் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அறிவிக்காமல் நழுவினால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ஆள் இருக்காது.

பேச்சை நிறுத்திவிட்டு, பதில்களை வைத்துக்கொள்வது

கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்தது இங்கேதான். யாரும் புதிதாக எழுத முடியாது. இருப்பதைப் படிக்கலாம், தேடலாம். அட்மின்கள் வயிறு பிசையாமல் தூங்கலாம், மூத்தவர்களின் உழைப்பு வீணாகாது. புதியவருக்குப் பாதிதான் கிடைக்கிறது: பழைய பதில் இருக்கும், புதிய கேள்விக்கு இடமில்லை. அதற்காகத்தான் சொல்லுக்கான சின்ன அறையை மட்டும் திறந்தே வைத்தோம்.

இதைச் செய்பவர்கள் செயலியைக் கவனிக்க வேண்டும். அட்மின் மட்டும் எழுதலாம் என்று வாட்ஸ்அப் குழுவைப் பூட்டினால் அது நூலகம் ஆகிவிடாது. நாளை சேர்பவருக்குப் பழைய உரையாடல் முழுதாகத் தெரியாது. அலுவலகக் குழுக்கள் பயன்படுத்தும் ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியின் இலவசத் திட்டத்தில் 2022 முதல் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். “அப்படியே இருக்கட்டும்” என்று விட்டுவைத்தால் மூன்று மாதத்தில் பழைய பதில்களைப் பார்க்கவே முடியாது. வெளியே எடுத்துத்தான் வைக்க வேண்டும். எடுக்கும்போது, எழுதியவர்களிடம் பெயர் இருக்கலாமா, நீக்கவா என்று கேட்க வேண்டும். எங்களில் சிலர் பெயர் வேண்டாம் என்றார்கள், நீக்கினோம். திட்டிக்கொண்ட பக்கங்களைச் சேர்க்கவே இல்லை. கட்டணம் பற்றிய பதில்களுக்கு மேலே தேதியைப் பெரிதாகப் போட்டோம், அவை சீக்கிரம் பழசாகும்.

முப்பது நாள் முன்னால் அறிவித்தோம். காரணத்தை மழுப்பவில்லை: நாங்கள் நால்வரும் களைத்துவிட்டோம், கேள்வி கேட்கப் பயப்படும் இடமாக இது ஆகிவிட்டது என்று எழுதினோம். சிலருக்குக் கோபம், பலருக்கு வருத்தம். அந்த மாதம் வந்த பதில்கள் கடைசி ஒரு வருடத்தில் வந்ததைவிட நன்றாக இருந்தன.

மாறினார் என்று சொன்னேனே, அந்த மூத்தவர் கடைசி வாரத்தில் என்னிடம் அந்தப் பெண்ணின் கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்டார். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலைக்குக் கட்டணம் கணக்கிடுவது எப்படி என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொள்ளாமல் நேரத்துக்குக் கேட்க வேண்டும், முதலில் மாதிரியாக ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும், இயந்திரம் குழப்பியிருந்தால் முழுக் கட்டணம் கேட்க வேண்டும் என்று விளக்கமாக. தொகுப்பில் முதலாவதாக அதை வைத்தோம். அந்தப் பெண்ணின் முகவரி என்னிடம் இருந்ததால் அவருக்கும் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.