கூல்டியன் ஃபிஞ்சா, ஜீப்ரா ஃபிஞ்சா?

இரண்டுமே ஃபிஞ்ச் எனப்படும், விதை தின்னும் சின்னஞ்சிறு ஆஸ்திரேலியப் பறவைகள். எதை வளர்ப்பது என்று குழம்புபவர்களுக்காக:

நிறம்: கூல்டியனுக்குப் பச்சை முதுகு, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு. தலை கறுப்பு அல்லது சிவப்பு, அபூர்வமாக மஞ்சள். வண்ணப்பெட்டி கவிழ்ந்தது போல இருக்கும்! பெட்டைக்குக் கொஞ்சம் மங்கல். ஜீப்ராவுக்குச் சாம்பல் முதுகு. ஆணுக்கு மட்டும் ஆரஞ்சுக் கன்னம்.

இயற்கை வாழிடம்: கூல்டியன் வடக்கே வெப்பமண்டலப் புல்வெளிக் காடுகளில் மட்டும், மரப்பொந்தில் முட்டையிடும். ஜீப்ரா வறண்ட உள்நாடு உட்பட நாட்டின் பெரும்பகுதியில் உண்டு.

அதனாலேயே கூல்டியனுக்குக் குளிர் ஆகாது; இறகு உதிரும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஜீப்ரா சமாளித்துக்கொள்ளும். குஞ்சு பொரிப்பதிலும் அதற்குத் தயக்கமே கிடையாது.

சத்தம்: கூல்டியன் முணுமுணுக்கும். ஜீப்ரா ஓயாமல் 'பீப் பீப்'.

முதன்முறை என்றால் ஜீப்ராவே சரி. அனுபவமும் கதகதப்பான இடமும் இருந்தால் கூல்டியன்.