ஸ்காலர்ஷிப், அசிஸ்டன்ட்ஷிப், கடன்: எந்தப் பணம் என்ன கேட்கிறது?

மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்தவர்கள் முதலில் பார்ப்பது "எவ்வளவு தருகிறார்கள்?" என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால், தொகை இருக்கட்டும், அதற்கு ஈடாக உங்களிடம் என்ன வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரு பணம் நேரத்தைக் கேட்கும், ஒன்று நீங்கள் எங்கே வாழலாம் என்பதில் கைவைக்கும், இன்னொன்று வட்டி கேட்கும். சும்மா வருவது அநேகமாக எதுவும் இல்லை.

முழு ஸ்காலர்ஷிப்பிலிருந்து தொடங்குவோம். பிரிட்டன் அரசின் செவனிங்கையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் படிப்புக் கட்டணத்தை ஏற்கின்றன, மாதாமாதம் கையில் பணமும் தருகின்றன. செவனிங் ஓராண்டு மாஸ்டர்ஸுக்கு. விமானக் கட்டணமும் அதில் அடக்கம். ஆனால் 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்பதால், பட்டம் வாங்கிய கையோடு விண்ணப்பிக்க முடியாது. எராஸ்மஸ் முண்டஸில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு, அதிகபட்சம் 24 மாதம், மாதம் 1,400 யூரோ. பயணம், விசா, புது ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ் எல்லாம் அந்த 1,400-க்குள்தான். அடுத்த நாட்டுக்குப் பெட்டி கட்டும் மாதம் கையைக் கடிக்கும்.

பெரிய வித்தியாசம் படிப்பு முடிந்த பிறகுதான் தெரியும். செவனிங் வாங்கியவர் சொந்த நாட்டுக்குத் திரும்பிக் குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டஸில் அப்படி நிபந்தனை இல்லை. 1946-இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப்பில் இது இன்னும் கெட்டி. அதற்குக் கிடைக்கும் ஜே-1 விசாவோடு வரும் விதிப்படி, விலக்கு வாங்காவிட்டால், சொந்த நாட்டில் 2 ஆண்டு கழித்த பிறகே அமெரிக்காவின் எச்-1பி வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ போகலாம். எப்படியும் ஊர் திரும்பப் போகிறவருக்கு இது ஒரு நிபந்தனையே அல்ல. அங்கேயே வேலை தேட நினைப்பவருக்கோ, பைசா செலவில்லாத இந்தப் படிப்புதான் எல்லாவற்றையும்விட விலை கூடியது.

அடுத்தது அசிஸ்டன்ட்ஷிப். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டி.ஏ. என்றால் பாடம் நடத்த உதவுவது, ஆர்.ஏ. என்றால் பேராசிரியரின் ஆய்வில் வேலை செய்வது. கட்டண விலக்கும் ஸ்டைபெண்டும், அதாவது செலவுக்கு உதவித்தொகையும், கிடைக்கும். பலர் இதையும் ஸ்காலர்ஷிப் என்றே சொல்கிறார்கள். இல்லை, இது வேலை. மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது உச்சவரம்பு. அரைநேர அசிஸ்டன்ட்ஷிப் அந்த இருபதை முழுசாக எடுத்துக்கொள்ளும். நான் டி.ஏ.வாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் 90 விடைத்தாள். மூன்றாவது கேள்வியில் பாதிப் பேர் ஒரே இடத்தில் மைனஸ் குறியை விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அரை மதிப்பெண் குறைப்பதா, ஒன்றா என்று முடிவு செய்யவே ஒரு மணி நேரம். மறுநாள் காலை எனக்கே பரீட்சை. அந்த வாரம் இருபது மணிக்குள் அடங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

ஆர்.ஏ. இந்த விஷயத்தில் இதமானது. அதிர்ஷ்டம் இருந்தால் நீங்கள் செய்யும் வேலையே உங்கள் ஆய்வேடாகவும் ஆகிவிடும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பணம் ஒரே ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருவது. நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. அவரோடு ஒத்துப்போகாவிட்டாலும் கதை அதுதான். டி.ஏ. பணம் துறையின் பணம், பாடம் நடக்கும்வரை ஆள் தேவை. என் கணக்கில், பிஎச்.டி.க்கு ஆர்.ஏ., மாஸ்டர்ஸுக்கு டி.ஏ. ஆனால் அங்கே பிஎச்.டி. இடம் பெரும்பாலும் நிதியோடு வரும், மாஸ்டர்ஸ் பெரும்பாலும் வராது. அதனாலேயே பிஎச்.டி.யில் சேர்ந்து மாஸ்டர்ஸோடு இறங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், குறைசொல்லவும் மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கட்டண விலக்கு என்றால் எல்லாக் கட்டணமும் போய்விட்டது என்று பொருளல்ல. மாணவர் கட்டணம், மருத்துவக் காப்பீடு போன்றவை தனியாக நிற்கலாம். ஸ்டைபெண்டுக்கு வரியும் உண்டு.

பாதி ஸ்காலர்ஷிப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது தள்ளுபடி. கட்டணம் 100 என்று வைத்து 40 குறைத்தால் 60 கட்ட வேண்டும். எதுவும் குறைக்காத பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே 50 என்றால் அதுதான் மலிவு. கடிதத்தில் "மெரிட்" என்ற சொல்லைப் பார்த்ததும் இந்தக் கூட்டல் கழித்தல் மறந்துபோகிறது.

கட்டணமே இல்லாத நாடு? ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். ஆனால் விசாவுக்கு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது ஆண்டுக்கு 11,904 யூரோ. அது செலவல்ல, மாதம் 992 யூரோவாக உங்களிடமே திரும்பி வரும். ஆனாலும் முதல் நாளே மொத்தமாகப் புரட்ட முடிகிறவருக்குத்தான் இந்த வழி. ஒன்று, இதை நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். கட்டணம் இல்லாமல் இருந்த நார்வே, 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் வாங்கத் தொடங்கிவிட்டது.

வேலை செய்யும் நிறுவனமே படிக்க அனுப்புவதில் கணக்கு சுலபம்: பத்திரத்தில் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடனை எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். நான் அப்படி வைக்க மாட்டேன். கடன் உங்கள் நேரத்தைக் கேட்பதில்லை, எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றும் சொல்வதில்லை. கேட்பது வட்டி, சில சமயம் வீட்டில் ஒருவரின் ஜாமீன் கையெழுத்து. 100-ஐ முதல் நாளே மொத்தமாக ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டிக்கு வாங்கி, படிக்கும் 2 ஆண்டும் எதுவும் கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும்போது அது 121. அதையே செமஸ்டர் செமஸ்டராக எடுத்தால் வட்டி கணிசமாகக் குறையும். ஓராண்டுப் படிப்பு, முடித்தால் வேலை கிட்டத்தட்ட உறுதி என்றால், டி.ஏ. கிடைக்குமா என்று ஒரு வருடம் காத்திருப்பதைவிடக் கடன் வாங்குவதே லாபம். அந்த ஒரு வருடச் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

எனக்கு வந்தவை இரண்டு கடிதங்கள். ஒன்றில் முழு விலக்கு, நல்ல ஸ்டைபெண்ட், "முதல் ஆண்டுக்கு" என்று ஒரு சொல். இன்னொன்றில் ஸ்டைபெண்ட் குறைவு, "2 ஆண்டுகள், தேர்ச்சி திருப்தியாக இருந்தால்" என்று இருந்தது. ஏப்ரல் 15 ஒப்பந்தத்தில் சேர்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் உங்களிடமிருந்து முடிவான பதிலை வற்புறுத்திக் கேட்கக் கூடாது. அந்த அவகாசத்தில் முதல் இடத்துக்கு எழுதிக் கேட்டேன்: இரண்டாம் ஆண்டு எப்படி? மூன்றாம் நாள் ஒரு வரி பதில் வந்தது: "நிதி நிலையைப் பொறுத்து." அன்று மாலையே குறைந்த ஸ்டைபெண்டுக்குச் சம்மதம் அனுப்பினேன்.