எஸ்எஸ்டி மாத்தித் தர்றேன்னு 5,200 ரூபாய வாங்கிட்டு என் பொழப்புல மண்ண போட்டுட்டாங்க, உஷாரா இருங்க

நேத்து ராத்திரி பூரா தூங்கல. கோவத்துலதான் எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நான் வீட்டுல இருந்தே டிடிபி பண்றவ. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்னு 11 வருஷ ஃபைல் எல்லாம் ஒரே லேப்டாப்லதான். அதுல இருந்தது 1 டிபி பழைய ஹார்ட் டிஸ்க், நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துற மெதுவான வகை. ஆன் பண்ணிட்டுப் போய் குக்கர் வச்சு இறக்கிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி, அதாவது சுத்துற பாகமே இல்லாத வேகமான டிஸ்க் போட்டா அரை நிமிஷத்துல வந்துரும்னாங்க. அது உண்மைதான், அதுல ஒண்ணும் குறை சொல்லல.

ஆனா புதுசா விண்டோஸ் போடக் கூடாது, உள்ள இருக்கறது அப்படியே மாறணும், அதாவது குளோன். ஏன்னா நான் பத்திரிகை டிசைன் பண்ற பேஜ்மேக்கர் 7 சாஃப்ட்வேரோட சிடி எப்பவோ தொலைஞ்சு போச்சு, பாமினி, வானவில்னு நூத்துக்கணக்கான ஃபாண்ட் சி டிரைவ்ல கெடக்கு, அது இல்லாம பழைய ஃபைல தொறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா கொட்டும், ஒரு வரி படிக்க முடியாது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. பேர் சொல்லல. இத எல்லாத்தையும் அந்தப் பையன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். "அக்கா, நாங்க டெய்லி பத்து பண்றோம், உங்க வால்பேப்பர் கூட மாறாது, பயப்படாதீங்க" அப்படின்னான். சீல் பிரிக்காத டப்பாவ கையில குடுத்துப் பாக்கச் சொன்னான். அங்கதான் நம்பிட்டேன். 480 ஜிபி எஸ்எஸ்டி 3,400, குளோன் பண்ண 1,200, பழைய டிஸ்க போட்டு வச்சுக்க கேஸ் 600, ஆக 5,200. ஜிபே பண்ணேன். பில் கேட்டதுக்கு கம்ப்யூட்டர் பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும்க்கானு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தான். "டீ குடிச்சிட்டு வாங்க"ன்னான், காய் வாங்கிட்டு வந்தேன், 35 நிமிஷத்துல ரெடி.

வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா சும்மா பறக்குது. ஆனா பேஜ்மேக்கர் இல்ல, ஃபாண்ட் இல்ல, டி டிரைவே இல்ல. புது விண்டோஸ் போட்டு வச்சிருக்கான், அதுவும் ஆக்டிவேட் ஆகாதது. சரி பழைய டிஸ்க் இருக்கேன்னு கேஸ்ல மாட்டினா அதையும் ஃபார்மட் பண்ணிட்டான்! குளோன் பண்ணும்போது பழைய டிஸ்க படிக்க மட்டும்தான் செய்யும், அதுல எதையும் அழிக்கவே வேணாம், அத ஏன்டா தொட்டே?

பாலிடெக்னிக் படிக்கிற அண்ணன் பையன் வந்து, டிஸ்க் எந்த நிலைமையில இருக்குன்னு காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேர போட்டுப் பாத்தான். புது எஸ்எஸ்டின்னு குடுத்தது ஏற்கெனவே 9,000 மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கு, ஹெல்த் 71 சதவீதம். டப்பாவுல இருக்கற சீரியல் நம்பர் வேற, உள்ள இருக்கறது வேற. "அத்தை, உங்ககிட்ட இருந்தது 300 ஜிபி, அந்தப் பழைய டிஸ்க் இருக்கற வேகத்துக்கு குளோன் பண்ண ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், 35 நிமிஷத்துல எப்படி முடியும்"னு கேக்கறான். எனக்கு என்ன தெரியும்?

மறுநாள் போனா அந்தப் பையன் லீவாம். ஓனர் சாயங்காலம் வருவாராம். சாயங்காலம் போனா வைரஸ் இருந்துச்சு, அதான் ஃபார்மட், நீங்கதானே ஓகே சொன்னீங்கன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. சீரியல் நம்பர காட்டினேன். "டப்பா மாறியிருக்கும் மேடம்." அக்கா போய் மேடம் ஆயிட்டேன். மூணாவது நாள்ல இருந்து போன எடுக்கறதே இல்ல. 5,200 ரூபாய். எனக்கு அது எத்தனை பத்திரிகை டைப் அடிச்ச காசு தெரியுமா.

டேட்டா ரெக்கவரி பண்ற இடத்துல 8,000 கேக்கறாங்க. இது சுத்துற டிஸ்க், மேல எதுவும் காப்பி பண்ணாம இருந்தா கிடைக்க வாய்ப்பு இருக்கு, எஸ்எஸ்டியா இருந்தா ஃபார்மட் பண்ணதுமே ட்ரிம்ங்கற வசதி எல்லாத்தையும் தானாவே தொடச்சிரும், ரொம்ப கஷ்டம்னாங்க. 5,200 போனது பத்தாதுன்னு இன்னும் 8,000.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பண்ணப் போறேன், கையில இருக்கறது துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல. கடைக்குப் போறதுக்கு முன்னாடி முக்கியமானத தனியா ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்து வீட்டுல வச்சிருங்க. சீரியல் நம்பரோட பில் இல்லாம காசு குடுக்காதீங்க. குளோன் முடிஞ்சு புதுசுல எல்லாம் ஓடுதான்னு பாக்கற வரைக்கும் பழைய டிஸ்க யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி, பக்கத்துலயே உக்காந்துருங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி புது எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு போட்டுக் காட்டச் சொல்லுங்க.

போன வருஷப் பத்திரிகையில தேதிய மட்டும் மாத்திக் குடுங்கன்னு ஒரு பார்ட்டி வாசல்ல வந்து நிக்குறாரு, நான் அவருக்கு என்ன பதில் சொல்றது.