ஸ்பாஞ்ச் ஃபில்டரா, பயோஃபிளாக்கா? அறைக்குள் வண்ணமீன் வளர்ப்போருக்கு

ஒரே அறைக்குள் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். நான்கு தொட்டிகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதாவது காற்றுக்குழாயில் இணைத்த பஞ்சு வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது. இரண்டில் பயோஃபிளாக், அதாவது பாக்டீரியாத் திரள்களைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு அவற்றைக் கொண்டே கழிவைச் சுத்தம் செய்வது. கப்பி, மோலி குஞ்சுகளை ஆளாக்க இப்போது பயோஃபிளாக் தொட்டிகளைத்தான் நம்புகிறேன்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன் கண்ணுக்குத் தெரியும், புதிதாகத் தொடங்குபவருக்கும் கைவரும். பயோஃபிளாக்கில் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கியே கிடக்கும், மீன் தெரியாது, ஆனால் தண்ணீர் மிச்சம். இவை எல்லோரும் அறிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: தண்ணீரின் குணம் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது.

ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட் தொட்டியிலேயே தங்கிவிடும். போதாததற்கு, 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் அப்படி மாறும்போது பிஹெச்சை இறங்காமல் தாங்கும் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) சுமார் 7 கிராம் கரைந்து போகிறது. பிஹெச் மெல்ல இறங்குகிறது. குஞ்சுகளுக்கு நாளைக்கு நாலைந்து வேளை தீனி போட்டாக வேண்டும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றிய அன்று மாலையே மோலிக் குஞ்சுகள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் இரண்டு மூன்று அடியில் கிடக்கும். வெப்பநிலையும் பிஹெச்சும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் குஞ்சு தாங்காது.

பயோஃபிளாக்கில் வேலை செய்வது வேறு வகை பாக்டீரியா. சர்க்கரையோ மொலாசஸோ (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகு) கிடைத்தால் அம்மோனியாவை உறிஞ்சித் தன் உடம்பாகவே ஆக்கிக்கொள்ளும். கணக்கு எளிது. 30 சதவீதப் புரதமுள்ள 100 கிராம் தீவனத்தில் 4.8 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் பாதி அம்மோனியாவாகத் தண்ணீரில் சேர்வதாக வைத்துக்கொண்டால், அதைப் பாக்டீரியா உறிஞ்சிக்கொள்ள சுமார் 35 கிராம் சர்க்கரை வேண்டும். இங்கே காரத்தன்மை ஏறக்குறைய பாதிதான் செலவாகிறது. குறைவதைச் சமையல் சோடா போட்டு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வைத்துக்கொள்கிறேன். ஆவியாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன். அறைக்குள் வெயில் படாததும் நல்லதே. பாசி பெருகி, பகலில் பிஹெச் ஏறி இரவில் இறங்கும் தொல்லை இல்லை.

தினமும் காலையில் ஒரு லிட்டர் தண்ணீரை இம்ஹாஃப் கூம்பில் (கீழே கூராகக் குறுகும், அளவு குறித்த பாத்திரம்) எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைப்பேன். பழுப்பு நிறப் பஞ்சு போல ஃபிளாக், அதாவது அந்தப் பாக்டீரியாத் திரள், நுனியில் வந்து படியும். 10 முதல் 15 மில்லி இருந்தால் சர்க்கரையைக் குறைத்துவிடுவேன். 25-ஐத் தாண்டினால் கொஞ்சம் வடித்து வெளியேற்றுவேன். மழை நனைத்த மண் வாசனை வந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் எங்கோ காற்று போகாமல் கழிவு தேங்கியிருக்கிறது.

காற்றுதான் இதன் உயிர். ஒருநாள் இரவு மின்சாரம் போய் நாற்பது நிமிடம் கழித்துத்தான் எழுந்தேன். பயோஃபிளாக் தொட்டியில் அத்தனை மீனும் மேலே வாய் பிளந்து நின்றன. பக்கத்து ஸ்பாஞ்ச் தொட்டியில் எதுவுமே நடக்காதது போல மீன்கள் அமைதியாக இருந்தன. ஃபிளாக்கும் மூச்சுவிடுகிறது, அதுவும் மீனுக்குப் போட்டியாக. பெரிய மோலிகள் ஏழு போயின. மின்சாரம் நின்றதும் தானே ஓடும் பேட்டரி பம்ப் வாங்க முடியாதவர் பயோஃபிளாக் பக்கம் வரவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடாது. சர்க்கரை போட்டதும் அது சட்டென்று இறங்கும் என்பதால் இரவில் போடுவதில்லை.

முதல் மூன்று வாரம் பொறுமை வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கும் காலம் அது. கொஞ்சம் கல்லுப்பு போட்டால் அதிலுள்ள குளோரைடு நைட்ரைட்டின் விஷத்தை மட்டுப்படுத்தும்.

குஞ்சுகள் இடைவேளையிலும் ஃபிளாக்கைக் கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். தீவனம் மிச்சமாகிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நான் எடைபோட்டுப் பார்த்ததில்லை, அதனால் எவ்வளவு என்று சொல்லமாட்டேன். தங்கமீனை ஒரே ஒரு சுற்றுதான் வளர்த்தேன், நன்றாக வந்தது. தெளிந்த மென்னீர் கேட்கும் டிஸ்கஸ், கார்டினல் டெட்ராவை இதில் விடும் எண்ணமே எனக்கில்லை.

தாய் மீன்கள் இன்றும் ஸ்பாஞ்ச் தொட்டிகளில்தான். கப்பியில் ஆண் பெண் பிரிக்கவும், வால் அமைப்பு பார்த்து அடுத்த தலைமுறைக்கு எடுக்கவும் கண் தெரிய வேண்டும்; கலங்கல் தண்ணீரில் அது நடக்காது. குஞ்சுகளையும் நான்கு வாரத்தில் ஒருமுறை வலையால் அள்ளி, வெள்ளைத் தட்டில் விட்டுப் பிரிக்கிறேன். கைமாற்றுவதற்கு ஐந்து நாள் முன்பே தெளிந்த தண்ணீருக்கு மாற்றிவிடுவேன். முதல் நாள் மூலையில் ஒண்டிக்கொண்டு நிறம் வெளுத்துத் தெரியும். மூன்றாம் நாள் காலையில் விளக்கைப் போட்டால் தீனிக்கு முன்னால் ஓடி வரும்.