எங்கள் கிளை நூலகத்தின் நாளிதழ் மேசை

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுள் ஒன்றில், ரேஷன் கடைக்குப் பின்புறச் சந்தில் எங்கள் கிளை நூலகம் இயங்குகிறது. நூல் இரவல் பகுதியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே போட்டித்தேர்வு நூல்களே மிகுதி, அவற்றைத் தேடி வரும் இளைஞர்களும் நிறைவாகவே இருக்கிறார்கள். முன்கூடத்தில் உள்ள நீண்ட மர மேசையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். பதினோர் ஆண்டுகளாக என் காலைப்பொழுது அங்கேதான் தொடங்குகிறது.

தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன், இந்து தமிழ் திசை ஆகிய ஐந்தும் ஆங்கில நாளிதழ் ஒன்றும் அந்த மேசைக்கு வருகின்றன. ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் தம் வீட்டுக்கு வரும் தீக்கதிரைப் படித்து முடித்ததும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். வீட்டில் ஒரே நாளிதழ் வாங்குபவருக்கு, அந்த இதழ் எதைச் சொல்லாமல் விட்டது என்பதை அறிய வழியில்லை. இங்கோ, சட்டமன்றத்தில் முந்தைய நாள் நடந்த வெளிநடப்பு ஓர் இதழில் முதற்பக்கத் தலைப்பாகவும் இன்னோர் இதழில் ஏழாம் பக்கத்து ஒற்றைப் பத்தியாகவும் வந்திருப்பதை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. எதிரே இருப்பவர் மாற்றுக் கட்சிக்காரராக இருந்தாலும், "அதுல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டு இதழை மாற்றிக்கொள்கிறார். விவாதமெல்லாம் வெளியே தேநீர்க் கடையில்தான். கூடத்துக்குள் குரல் உயர்ந்தால், நூலகர் அம்மா நிமிர்ந்து பார்ப்பதே போதுமானது.

2016இல் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. சாக்கடை அடைப்புக்கும் எரியாத தெருவிளக்குக்கும் யாரிடம் போவதென்று தெரியாத அந்த ஆண்டுகளில், நாங்கள் நாலைந்து பேர் இந்த மேசையில் கூடித்தான் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினோம். அவற்றுள் மழைநீர் வடிகாலைப் பற்றிய ஒரு கடிதம் அச்சான வாரத்திலேயே ஆட்கள் வந்து மண்ணை அள்ளிச் சென்றார்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து இன்னும் வைத்திருக்கிறேன்.

நாளிதழ் படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஆயினும் இதை இலவசச் சேவை என்று சொல்ல மாட்டேன். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வழிவகுத்த நூலக வரி இன்றும் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகையின் வழியே அதைச் செலுத்துகிறார். ஆகவே குறைகளை உரிமையோடு சொல்கிறேன்.

நண்பகலிலிருந்து மாலை 4 மணிவரை நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வசிக்கும் முதியவர்களுக்கு மின்விசிறியும் நிழலும் மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். பழைய இதழ்கள் மூன்று மாதத்துக்குள் எடைக்குப் போய்விடுகின்றன. அதற்கு முந்தைய செய்தி வேண்டுமென்றால், 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். நாட்டில் வெளியாகும் நாளிதழ்களைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கழிப்பறை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடப்பது. மேசையைச் சுற்றிக் காலையில் அமர்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. தெருக்குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது, அங்கன்வாடி திறக்கிறதா என்பதை எங்களைவிட நன்கு அறிந்த பெண்கள், வாசலில் நின்றபடி தலைப்புச் செய்திகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கழிப்பறையைத் திறக்கக் கோரும் மனு, மேசையின் வலது ஓரத்தில் அட்டையில் செருகப்பட்டிருக்கிறது. நேற்று வரை 62 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். காலை 9 மணிக்குள் வருபவர்களுக்கு ஜன்னலோர நாற்காலியும் கசங்காத நாளிதழும் கிடைக்கும்.